திம்மராயப்பாவின் மேசை

அண்ணாச்சி, ஒரு உதவி. நீங்க ஜன்னல் பக்கம் உக்காருதியளா? காத்து நல்லா வரும். எனக்கு என்னன்னா, வெளிய இருந்து பாத்தா என் முகம் தெரியக் கூடாது. இல்ல இல்ல, போலீஸ் கேஸெல்லாம் ஒண்ணும் கெடையாது. களவாணியா இருந்தா இப்படி வெளிப்படையாச் சொல்லிட்டு உக்காருவனா? ஒரு ஆளுக்குப் பயந்து போறேன். அவ்வளவுதான். அந்த ஷட்டரையும் பாதி எறக்கி விட்டியள்னா புண்ணியமாப் போவும்.

கொல்லத்துக்கு டிக்கெட் கேக்கப் போறேன். அங்க யாரு இருக்கான்னு கேட்டுராதிய. யாரும் இல்ல. தென்காசி பஸ்ஸ்டாண்டுல முதல்ல கெளம்புன பஸ் இதுதான், ஏறிட்டேன். கால்ல பாருங்க, வீட்டுல போடுத செருப்பு.

எம்பேரு சிவசைலம். இங்கன மேலகரந்தான் ஊரு. முன்ன பாத்த வேலை... அதச் சொன்னா சூதாடின்னு நெனைப்பிய. சூதாடி இல்ல அண்ணாச்சி, சம்பளக்காரன். மாசம் பொறந்தா பேங்க்குல வந்து விழுந்துரும். பி.எஃப். கூட உண்டு. என்ன, அந்தச் சம்பளம் சீட்டாடுததுக்கு.

கோவாவுல ஆத்து நடுவுல கப்பல் நிக்கும். கரையில இருந்து சின்னப் போட்டுல கூட்டிட்டுப் போவாங்க. கப்பலுக்குள்ள காசினோ. அதுல போக்கர்னு ஒரு ஆட்டம். மத்த ஆட்டமெல்லாம் கஸ்டமர் கம்பெனியோட ஆடுவான். போக்கர்ல கஸ்டமரும் கஸ்டமருந்தான் ஆடணும், கம்பெனி கமிஷன் மட்டும் எடுத்துக்கிடும். இப்ப ஒரு ஆளு எட்டிப் பாக்கான், மேசை காலியாக் கெடக்கு. உக்காருவானா? ஈ ஓட்டுத ஓட்டல்ல நாம நுழைவமா? போயிருவான்லா. அதுக்காவ நாலஞ்சு பேருக்குச் சம்பளம் குடுத்து மேசையில உக்கார வச்சிருப்பாங்க. டூரிஸ்ட் மாதிரி பூப்போட்ட சட்டை போட்டுக்கிட்டு நாங்க ஆடிக்கிட்டே இருக்கணும். கஸ்டமர் வந்தா எந்திரிச்சு எடம் குடுக்கணும், கஸ்டமர் போனா திரும்ப உக்காரணும். ஆடுதது கம்பெனி சிப்பு, காசுக்குப் பதிலா வைக்கித வில்லை. ஜெயிச்சாலும் கம்பெனிக்கு, தோத்தாலும் கம்பெனிக்கு. கப்பல்ல எங்களுக்குப் பேரு ப்ராப். சம்பள ஆளுன்னு கஸ்டமர்ட்ட மூச்சு விடக் கூடாது. எப்பவும் சிரிச்ச முகமா இருக்கணும். அது ரெண்டுந்தான் பெரிய சட்டம்.

எங்க ஆவுடை அக்கா தெருவுல எல்லார்ட்டயும் 'தம்பி கப்பல்ல இருக்கான்'னு சொல்லி வச்சிருந்தா. கப்பல் நங்கூரம் போட்ட எடத்த விட்டு ஒரு அடி அசையாதுன்னு அவளுக்கு எங்க தெரியும்? நானும் சொல்லல.

நல்லாத்தான் இருந்தேன் அண்ணாச்சி. பெங்களூர்ல கால்சென்டர்ல வெள்ளக்காரன் திட்டத் திட்டக் கேட்டுக்கிட்டு இருந்தவனுக்கு, ஏ.சி.யில உக்காந்து சீட்டாடச் சம்பளம்னா கசக்குமா? எல்லாம் அந்த மழைக்காலம் வரைக்குந்தான்.

கோவாவுல மழைன்னா நம்ம குத்தாலச் சாரல் மாதிரி இல்ல, ஊத்து ஊத்துன்னு ஊத்தும். கப்பலுக்குக் கூட்டம் வராது. அப்பத்தான் அந்த மனுசன் வந்தாரு. திம்மராயப்பான்னு பேரு. ஓசூர்ப் பக்கம் கல்குவாரி. அங்க உள்ளவங்க பேசுதாப்ல தமிழுந் தெலுங்கும் கலந்து பேசுவாரு. கப்பல்ல நொழையும்போதே தரை அதிருத மாதிரி இருக்கும். கழுத்துன்னு ஒண்ணு தெரியாது, தோளு மேல அப்படியே தலை. கையி இருக்கே, ஒங்க தொடை கனம் இருக்கும். கோவிச்சுக்கிடாதிய, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

எங்க மேனேஜர் கபில்னு டில்லிக்காரர். என்னையத் தனியாக் கூப்பிட்டு, 'இந்த சீசன்ல நமக்கு இருக்கிறது இவர் ஒருத்தர்தான். நீ தமிழ், அவர்கூடப் பேசு. அவர் எந்திரிக்கிற வரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது'ன்னாரு. சரின்னேன். அதோட விட்டிருக்கலாம். போகும்போது, 'கவனமா இரு. கூட்டாளி ஒருத்தனக் குவாரிப் பள்ளத்துல தள்ளிக் கொன்னவர்ங்கிறாங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாரு.

அந்தச் சொல்லு உள்ள போச்சு பாருங்க, அதுக்கப்புறம் அந்த ஆளு என்ன செஞ்சாலும் எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

நாம பேசுனா கண்ணப் பாக்க மாட்டாரு. வாயையே பாப்பாரு. உதடு அசையுததயே உத்துப் பாத்துக்கிட்டு இருப்பாரு. வெடி வச்சதுல ஒரு காது போயிட்டு, இன்னொண்ணு அரைகுறை, அதனால வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிடுவாருன்னு பெறவு தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன? ஒரு மனுசன் ஒங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தா, பல்ல எண்ணுதானோன்னு தோணுமா தோணாதா? சாதாரணமாப் பேசுனாலே சத்தம் போடுத மாதிரிதான் இருக்கும். மடியில எப்பவும் ஒரு ரெக்சின் பை. கையி அந்தப் பைக்குள்ளயே இருக்கும். உள்ள துப்பாக்கின்னு நான் முடிவே பண்ணிட்டேன். போட்டுல ஏறுததுக்கு முன்னால மிஷின்ல போட்டுப் பாக்காங்களேன்னு ப்ரமிளா சொன்னா. அவளும் எங்கள மாதிரி சம்பள ஆளுதான், டார்ஜிலிங்காரி. அவளுக்கு என்ன தெரியும்? அந்த ஆளு பையை எந்த செக்யூரிட்டி தொறக்கச் சொல்லுவான்?

மேசையில தினமும் அஞ்சு பேரு. திம்மராயப்பா, நானு, ப்ரமிளா, கோலாப்பூர்க்காரன் கோவர்தன்னு இன்னொரு ப்ராப், அப்புறம் டாக்டர். டாக்டர் சம்பள ஆளு இல்ல, நெசமான கஸ்டமர். செல்வின் ஜெபமணின்னு பேரு. கோலார் தங்கவயல்ல பல் டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் இல்ல. மழைக்காலத்துல கோவாவுல உள்ள மக வீட்டுல தங்க வருவாரு, அவ வேலைக்குப் போனதும் பொழுது போகாம இங்க வந்துருவாரு. சின்னச் சின்னதா ஆடுவாரு, தோத்தாலும் சிரிப்பாரு. திம்மராயப்பாவுக்குக் கேக்குத காது பக்கமாப் பாத்து உக்காந்துக்கிட்டு, நாங்க பேசுததத் திரும்பச் சொல்லுவாரு. யாரும் அவரச் செய்யச் சொல்லல.

திம்மராயப்பா என்னைய விட மாட்டாரு. எந்த ஊரு, எந்தத் தெரு, கல்யாணம் ஆச்சா, கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, நோண்டி நோண்டிக் கேப்பாரு. எதுக்குக் கேக்காருன்னு நெனைக்கிய? நாளைக்கு ஆள் அனுப்பணும்னா அட்ரஸ் வேணும்லா. நானும் பயத்துல தென்காசின்னு உண்மையச் சொல்லித் தொலைச்சிட்டேன். என்ன தொழில்னாரு. மரக்கடைன்னு சொல்லி வச்சேன்.

ஒரு நாளு, 'அப்பா என்ன பண்றாரு?'ன்னு கேட்டாரு. 'அப்பா இல்ல சார். நான் பத்தாப்பு படிக்கையில போயிட்டாங்க'ன்னேன். டாக்டர் அத அவரு காதுல திரும்பச் சொன்னாரு. அந்த மனுசன் கையில இருந்த சீட்டை அப்படியே கவுத்தி வச்சிட்டாரு. பெறவு சீட்டுப் போடுத டீலர் பொண்ணு எடுக்கும்போது பாத்தேன், நல்ல சீட்டு, ஜெயிச்சிருப்பாரு. ஆடவே இல்ல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு, இந்தத் தடவ வாயப் பாக்கல, கண்ணப் பாத்தாரு. அப்பன் இல்லாத பய, என்ன ஆனாலும் கேக்க நாதி இல்லன்னு கணக்குப் போடுதாருன்னு அப்பவே புரிஞ்சு போச்சு.

இன்னொண்ணு, ஒரே ஜோக்கத்தான் தினம் சொல்லுவாரு. கல்லுடைக்கிறவனும் தாசில்தாரும்னு. தினம் அதேதான். நாங்க தினம் விழுந்து விழுந்து சிரிப்போம். ப்ரமிளாவுக்குத் தமிழே தெரியாது, அவதான் அதிகமாச் சிரிப்பா.

எத்தனையோ நாளு இப்படியே ஓடிட்டு. ஒரு சனிக்கெழம ஐதராபாத்துப் பயலுவ ஒரு கும்பல் வந்தானுவ. நல்ல தண்ணி. அதுல ஒருத்தன் எங்க மேசையப் பாத்துட்டு, திம்மராயப்பா தோளுல கைய வச்சு, தெலுங்குல சத்தமா, 'பெரியவரே, இந்த மேசையில கம்பெனி ஆளு சம்பளத்துக்கு உக்காந்திருக்கான், தெரியாதா ஒமக்கு?'ன்னு கேட்டுட்டு, அவன் பாட்டுக்குச் சிரிச்சிட்டுப் போயிட்டான்.

அது மட்டும் அந்த மனுசனுக்கு முழுசாக் கேட்டுட்டு.

எந்திரிச்சுப் போயிட்டாரு. மறுநா வந்தாரு. உக்காந்தாரு. சீட்டை எடுக்கல. மேசையில உள்ளங்கைய விரிச்சு வச்சுக்கிட்டு, 'இங்க ஒருத்தன் கூலிக்கு உக்காந்திருக்கான். யாருப்பா அது?'ன்னாரு. ஒருத்தன்னுதான் நெனைச்சிருக்காரு. நாங்க மூணு பேரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்கல. பாத்தா முடிஞ்சுது. 'அப்படியெல்லாம் யாரும் இல்ல சார், குடிகாரன் பேச்சு'ன்னு நான் சொன்னேன். என் வாயையே பாத்தாரு. 'நான் கண்டுபிடிச்சிருவேன்'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

அந்த வாரம் பூரா எனக்குச் சோறு எறங்கல அண்ணாச்சி. ரூம்ல படியில யாராவது ஏறுனாக் கூட எந்திரிச்சு உக்காந்துருவேன். கபில்ட்ட போயி, 'என்னைய வேற மேசைக்கு மாத்துங்க சார்'னு கெஞ்சினேன். 'நீ மாறினா நீதான்னு தெரிஞ்சு போயிடும். பேசாம இரு, நான் பாத்துக்கறேன்'ன்னாரு.

பாத்துக்கிட்டாரு. எப்படின்னு கேளுங்க. ரெண்டு நா கழிச்சு என்னைய டெக்குக்குக் கூப்பிட்டாரு. முகமெல்லாம் சிரிப்பு. 'பிரச்சினை முடிஞ்சுது. அந்தக் கெழவன்தான் கம்பெனி ஆளுன்னு சொல்லிட்டேன். அந்த டாக்டர். இனிமே வர மாட்டான்னும் சொல்லிட்டேன்'ன்னாரு. 'சார், அவரு தினம் வாறவராச்சே'ன்னேன். 'இந்த மழையில எங்க வரப்போறான்? வந்தா கரையிலயே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கேன்'ன்னாரு.

அன்னைக்கு மழைன்னா மழை, எதுக்க உள்ள கரை தெரியல. டாக்டர் வராம இருக்கணும்னு எங்க ஊரு சாமி எல்லாத்தையும் கும்பிட்டேன். அவரு நம்பர் என்ட்ட இல்ல. கஸ்டமர் நம்பர் வாங்கக் கூடாதுன்னு சட்டம். திம்மராயப்பா வந்து உக்காந்தாரு. பக்கத்து நாற்காலி காலி. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. அப்பத்தான் கதவத் தொறந்துக்கிட்டு டாக்டர் வாறாரு. பேண்ட்டு முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, குடையக் கையில மடக்கிப் பிடிச்சுக்கிட்டு. கரையில எவனும் தடுக்கல. 'என்னப்பா, ஆத்துல தண்ணியா, தண்ணியில ஆறான்னு தெரியல'ன்னு சொல்லிட்டு, எப்பவும் போல அந்த நாற்காலியில உக்காந்து, எப்பவும் போல மேசை மேல கைய வச்சாரு.

திம்மராயப்பா அந்தக் கையப் பிடிச்சாரு.

மணிக்கட்டுல. அவரு கைக்குள்ள டாக்டர் கையி குச்சி மாதிரி கெடக்கு. டாக்டருக்கு ஒண்ணும் புரியல, விளையாடுதாருன்னு நெனைச்சுச் சிரிக்காரு. 'எவ்வளவு குடுக்கிறாங்க ஒனக்கு?'ன்னு கேட்டாரு திம்மராயப்பா. கப்பல் பூராக் கேட்டிருக்கும். டாக்டர் சிரிப்ப நிப்பாட்டலயே தவிர, முகம் வெளுத்துக்கிட்டே வருது. 'என்னப்பா... விடுப்பா... வலிக்குதுப்பா'ங்காரு. 'என் காதுல வந்து வந்து பேசுனியே, அதுக்கும் சேத்துக் குடுத்தாங்களா?' விரலு முறுக்குது. ப்ரமிளா தலையக் குனிஞ்சுட்டா. கோவர்தன் சிப்பை அடுக்குதான், அடுக்குனதக் கலைச்சுத் திரும்ப அடுக்குதான். கபில் தூண் பக்கத்துல நின்னு போனப் பாக்காரு. சட்டுன்னு ஒரு சத்தம். எலும்புதான்னு எனக்குத் தெரிஞ்சுது.

'அவரு இல்ல. விடுங்க. நான்தான்.'

யாரு சொன்னதுன்னு நெனைக்கிய? நான்தான் சொன்னேன். எப்படி வாயில வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. தைரியம்னு நெனைச்சிராதிய. பயத்துலதான் சொன்னேன். அதுக்கு மேல அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியல, பயம் அப்படித் தள்ளிட்டு. எந்திரிச்சும் நின்னுட்டேன்.

அந்த மனுசனுக்குக் கேக்கல. நான் மெல்லத்தான் சொல்லியிருக்கேன் போலிருக்கு. என் வாயையே பாக்காரு. நான் திரும்பச் சொன்னேன். அப்ப ப்ரமிளா கையத் தூக்குனா, பள்ளிக்கூடத்துல தூக்குத மாதிரி. இந்தியில, 'நானுந்தான்'ன்னா. கோவர்தன் சிப்பு மேல இருந்த கைய எடுத்துட்டு, 'நானும்'ன்னான். டீலர் பொண்ணு சீட்டுக்கட்டக் கீழ வச்சிட்டா.

திம்மராயப்பா எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. புரியல அவருக்கு. என்ன செஞ்சாரு தெரியுமா? டாக்டர் பக்கம் திரும்பி, டாக்டர் கைய இன்னும் பிடிச்சுக்கிட்டே, 'என்னா சொல்றாங்க இவங்க?'ன்னு கேட்டாரு. பழக்கம்லா.

டாக்டரு, அந்த வலியோட, அவரு காதுகிட்டக் குனிஞ்சு சொன்னாரு. 'இவங்க மூணு பேரும் சம்பளத்துக்கு வர்றவங்களாம்ப்பா. நான் மட்டுந்தான் சும்மா வர்றவன்.'

கைய விட்டுட்டாரு. விட்ட கையி அப்படியே பைக்குள்ள போச்சு. முடிஞ்சுதுன்னு கண்ண மூடிட்டேன். ஆவுடை அக்காதான் ஞாபகத்துல வந்தா. ஒண்ணும் வெடிக்கல. தொறந்து பாத்தா, பையில இருந்து ஒரு துண்ட எடுத்து மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு இருக்காரு. ரொம்ப நேரம் தொடைச்சாரு. வேர்வையா இருக்கும். ஏ.சி. போட்டாலும் சில பேருக்கு வேர்க்கும்.

பெறவு என்ட்ட கேட்டாரு. 'என் ஜோக்குக்குச் சிரிச்சது?'

'அதுவும் வேலைதான் சார்'ன்னேன்.

'உங்க அப்பா செத்தது?'

'அது நெசம் சார்.'

'தென்காசி?'

'அதுவும் நெசந்தான். மரக்கடை மட்டும் பொய்.'

'மரக்கடை பொய்'ன்னு அவரும் ஒரு தடவ சொல்லிக்கிட்டாரு. எந்திரிச்சாரு. டாக்டர் குடைய எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, டாக்டரக் கொழந்தயப் பிடிக்கித மாதிரி தோளோட பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போனாரு. போட்டுல ஏறுததக் கண்ணாடி வழியாப் பாத்தேன். ஆத்துல பிடிச்சுத் தள்ளிருவாரோன்னு ப்ரமிளா கையப் பிடிச்சுக்கிட்டேன். தள்ளல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி மாவுக்கட்டுப் போட வச்சு, மக வேலை முடிஞ்சு வாற வரைக்கும் பக்கத்துலயே இருந்தாருன்னு பெறவு டாக்டரே போன்ல சொன்னாரு. கேஸ் வந்துரும்லா, அதுக்குப் பயந்துதான் செஞ்சிருப்பாரு.

எங்க மூணு பேருக்கும் அன்னைக்கே வேலை போச்சு. ப்ரமிளா அவ ஊருக்குப் போயிட்டா, கோவர்தன் எங்கன்னு தெரியல. நான் நேரா அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். அக்கா அங்கன்வாடி டீச்சர். மச்சான் வளைகுடாவுல. ஒரு மக, மூணாப்பு படிக்கா. கம்பெனியில ஆள் குறைச்சிட்டாங்கன்னு சொல்லிட்டு, இங்க ஒரு ஜெராக்ஸ் கடையில உக்காந்துட்டேன். சரி, தப்பிச்சாச்சுன்னு இருந்தேன்.

போன மாசம் ஜெராக்ஸ் கடைக்கு எதுக்க உள்ள மரக்கடைக்காரர் வந்து, 'எலேய், ஓசூர்ல இருந்து ஒரு பெரிய கார்ல ஒருத்தர் வந்து, தென்காசியில உள்ள மரக்கடை ஒண்ணு விடாம ஏறி எறங்கி சிவசைலம் யாருன்னு கேக்காரு, நீதானா?'ன்னாரு. மரக்கடை பொய்யின்னு நான் வாயால சொல்லியும் கேட்டிருக்காரு பாருங்க. அந்த அளவுக்குத் தேடுதான் மனுசன். நான் வீட்டுக்கு ஓடிப்போயி, கொல்லையில குளியலறைக்குள்ள போயித் தாப்பாளப் போட்டுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல முன்னால கார் சத்தம்.

அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, வாங்கன்னுட்டா. மொச்சக்கொழம்பு ஊத்திச் சோறு போட்டுட்டா. நான் உள்ள பக்கெட்டு மேல உக்காந்திருக்கேன், அவரு பேசுதது சொவரு தாண்டிக் கேக்குது. எங்க அக்கா மவ சின்ன சீட்டுக்கட்ட எடுத்துட்டு வந்து 'கழுத வெளையாட வாறியளா?'ன்னு கேக்கா. அவளுக்குப் பயமே கெடையாது. அந்த ஆளு அவகிட்டத் தோத்துத் தோத்துச் சிரிக்காரு. வீடே அதிருது. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போனாரு. கேப்பமாவு ஒரு மூட்டையும், ரெண்டு ரோஜாச் செடியும் எறக்கி வச்சிட்டுப் போயிருக்காரு. ரோஜாச் செடி எதுக்கு அண்ணாச்சி? எங்க ஊர்ல விளையுதுன்னு சொன்னாராம். எனக்கு அதப் பாக்கும்போதெல்லாம் பொணத்துக்குப் போடுத மாலைதான் ஞாபகம் வருது.

அக்காகிட்ட அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னேன். அவ என்னையத் திட்டுதா. 'அந்த மனுசன் தம்பியோட சேந்து குவாரி நடத்துனவராம்டா. வெடி தப்பா வெடிச்சு தம்பி செத்துட்டானாம், அதே வெடியில இவருக்குக் காது போயிட்டாம். அதச் சொல்லி எம்முன்னால உக்காந்து அழுதாருடா. பேச ஆளு இல்லாமத் தேடி வந்திருக்காரு, நீ போயி பாத்ரூம்ல ஒளிஞ்சிருக்க'ங்கா. அழுதாராம்! அழத் தெரியாதா ஒரு ஆளுக்கு? நானே தினம் ஒரே ஜோக்குக்குச் சிரிச்சுச் சம்பளம் வாங்குனவன். அவ அங்கன்வாடிப் பிள்ளையள் அழுததத்தான் பாத்திருக்கா, அவளுக்கு என்ன தெரியும்?

அந்த ஆளு அக்காட்ட என் நம்பர வாங்கிக் குடுத்து, டாக்டரும் போன் பண்ணுனாரு. கட்டு பிரிச்சாச்சாம், கையி சரியாயிட்டாம். 'தம்பி, திம்மராயப்பா தன்னக் காது டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போகச் சொன்னான், போயிட்டு வந்தோம், காதுக்கு மிஷின் மாட்டியாச்சு. ஒன்னப் பத்தித்தான் பேசிட்டே இருக்கான். பேசுறியா?'ன்னு கேட்டாரு. நான் போன ஆஃப் பண்ணிட்டேன். பாவம், அவரையும் பிடிச்சு மெரட்டி வச்சிருக்காரோ என்னவோ.

இதுக்கு எடையில ரெண்டு தடவ வந்துட்டாரு. ரெண்டு தடவையும் நான் பின்வாசல். இன்னைக்குக் காலையில அக்கா, 'அவங்க பைபாஸ் வந்துட்டாங்களாம், இன்னைக்கு நீ எங்கயும் போகக் கூடாது'ன்னு வாசல மறிச்சா. அவங்கன்னா? ஒரு ஆளு இல்லயா? ஆளோடல்லா வாராரு! கையில கெடச்ச பையத் தூக்கிட்டுப் பின்னால குதிச்சு வந்துட்டேன். மிச்சந்தான் நீங்க பாக்குதியளே.

பின்னால ஒரு வெள்ளக் கார் வருதா? கொஞ்சம் எட்டிப் பாருங்க. இல்லயா. சரி.

இருங்க, போனு. அக்காதான். எடுக்கவா, வேணாமா? எடுக்காட்டி அடிச்சுக்கிட்டே இருப்பா.

ஹலோ. சொல்லுக்கா... பஸ்ல இருக்கேன்... அது எதுக்கு ஒனக்கு... ஏன்க்கா அழுத? யாரும் ஏதும் செஞ்சாங்களா? பிள்ளை எங்க?... அக்கா, போன அவருட்டக் குடுக்காத. குடுக்காதன்னா... அக்கா...

சார்.

ஆமா சார். இல்ல சார்... கேக்குது சார்...

...

வச்சிட்டாரு. ஒங்களுக்கும் கேட்டிருக்கும். முன்சீட்டு அம்மா கூடத் திரும்பிப் பாத்தாங்களே. 'ஏம்பா சைலம், நான் என்னப்பா பண்ணேன் ஒன்ன? டாக்டரும் வந்திருக்கார்ப்பா. கோலார்ல இருந்து ஒன்னப் பாக்கணும்னே கெளம்பி வந்திருக்கார். நான் வேணா வெளிய கார்ல போயி உக்காந்துக்கிறேன். நீ வந்து அவர் கையைப் பாத்துட்டுப் போ. ஒங்க அக்கா அழுவுது, அது எனக்குத் தாங்கலப்பா.' இதுதானே சொன்னாரு? ஒண்ணும் விட்டுப் போகலயே?

அண்ணாச்சி, நீங்க வயசுல பெரியவங்க. நாலு மனுசங்களப் பாத்திருப்பிய. அந்தக் கொரலுல கோவம் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு அது பிடிபட மாட்டேங்கு. ஒரு ஆளு நெசமாச் சிரிக்கானா, நெசமா அழுதானான்னு பாத்தாத் தெரியுத புத்தி எனக்கு எப்பவோ போயிட்டு. அதான் ஒங்கள்ட்டக் கேக்கேன்.

இல்லயா? நெசமாத்தான் சொல்லுதியளா? அழுதாப்ல இருந்துச்சா ஒங்களுக்கு?

செங்கோட்டை வந்துட்டு. இங்க எறங்குனா எதுத்தாப்ல தென்காசி பஸ் நிக்கும். எறங்காட்டி கொல்லம். அங்க எனக்குத் தெரிஞ்ச நாய் கூட கெடையாது.

கண்டக்டர் சேட்டா, ஒரு நிமிசம், ஆளு எறங்கணும்! ஆமா, நான்தான்.

பயம் போயிட்டுன்னு நெனைச்சிராதிய, அப்படியேதான் இருக்கு. மேல இருக்க அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க அண்ணாச்சி. அந்தா, தென்காசி பஸ்ஸு கெளம்பப் போவுது.